எந்த ஊர்த் தூசி? கோவை பவுண்டரி ஒன்றில் ஒரு ஜார்க்கண்ட் தொழிலாளி: நிகழ்வு ஆய்வு

## எதற்காக இந்தப் பதிவு

கோவைக்கு வடக்கே உள்ள சிறு பவுண்டரிகளுக்கு (இரும்பு வார்க்கும் பட்டறைகளுக்கு) இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு, பி.எஃப். வேலைகளைப் பார்த்துக்கொடுப்பது என் தொழில். அப்படி நான் கணக்குப் பார்க்கும் ஒரு பவுண்டரியில் 2022 முதல் 2025 தொடக்கம் வரை நடந்ததை, சம்பந்தப்பட்ட தொழிலாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. ஆளையோ கம்பெனியையோ காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

வடக்கேயிருந்து வந்தவருக்குப் பெரிய நோய் வந்தால் எங்கள் பக்கம் நடப்பது ஒன்றுதான்: கையில் கொஞ்சம் பணம், ஒரு ரயில் டிக்கெட். அந்த நோய் எங்கே பிடித்தது, ஊருக்குப் போனால் அவரை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிற வழக்கம் இல்லை. இந்தத் தடவை கேட்க வேண்டி வந்தது.

## பின்னணி: பட்டறையும் அதன் இரும்பும்

சுமார் அறுபது பேர் வேலை செய்யும் பட்டறை. பம்பு பாடி, மோட்டார் கவர் போன்ற காஸ்டிங்குகளை வார்த்து, பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுக்கிறார்கள். மெஷின் ஷாப்பிலும் பேட்டர்ன் வேலையிலும் உள்ளூர் ஆட்கள் இருக்கிறார்கள். மோல்டிங் (மணல் அச்சு செய்வது), நாக்-அவுட் (அச்சை உடைத்து வார்ப்பை எடுப்பது), ஃபெட்லிங் (பிசிறு நீக்குவது) மூன்றும் முழுக்க ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் கையில். சூடும் தூசியும் இருக்கிற இடத்துக்கு உள்ளூர்ப் பையன்கள் வருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

கொங்கு நாட்டில் இரும்பே இல்லை என்று சொல்ல முடியாது. சேலம் கஞ்சமலையில் தாது உண்டு. ஆனால் கோவையின் பட்டறைகள் அதை நம்பி எழவில்லை. 1930களில் வந்த பைக்காரா மின்சாரம், கிணற்றுப் பாசனம், 1937இல் இங்கேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார், 1950களில் வந்த பொறியியல் கல்லூரிகள், ஊர்க்காரர்களின் உழைப்பு இவற்றை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 1952 முதல் 1993 வரை மத்திய அரசு நடத்திய சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கைதான் அது. அதன்படி ஜாம்ஷெட்பூர் எஃகு உலைக்குப் பக்கத்திலேயே பட்டறை வைத்திருந்தவருக்கும், கோவையில் வைத்திருந்தவருக்கும் எஃகு ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்தது. தூரத்துக்கான ரயில் கூலியை எல்லோர் தலையிலும் சமமாகப் பரப்பிவிட்டார்கள். தாது இருந்த ஊருக்கு இருந்த ஒரே அனுகூலம் அது பக்கத்தில் இருந்ததுதான். அந்த அனுகூலம் நாற்பது வருஷம் இல்லாமல் போனது. நம் பக்கத்துப் பருத்திக்கு இப்படி ஒரு சமன்பாடு கிடையாது. அன்றைய பீகார்க்காரர்கள் இதைச் சொல்லித்தான் புலம்பினார்கள்.

கோவை வளர்ந்ததே இதனால்தான் என்று நான் வாதாட வரவில்லை. இப்போது பிக் அயர்ன் (வார்ப்புக்கு உருக்கும் கச்சா இரும்பு) கர்நாடகத்தின் கொப்பள் பக்கமிருந்தும் வருகிறது. பழைய இரும்பு எங்கிருந்தெல்லாமோ வருகிறது. ஆனால் பம்புத் தொழில் வேர்விட்ட காலமும் அந்தக் கொள்கை நடந்த காலமும் ஒன்றே. நம் ஊர்த் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பாராவாவது ஒதுக்க வேண்டும்.

## பின்னணி: ஆள்

அவருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. ஹோ பழங்குடி. ஜார்க்கண்டின் தென்கோடியில், நோவாமுண்டி, குவா, கிரிபுரு என்று இரும்புத்தாதுச் சுரங்கங்கள் வரிசையாக இருக்கும் பகுதியைச் சேர்ந்தவர். நோவாமுண்டியில் தாது வெட்டத் தொடங்கி ஒரு நூற்றாண்டு ஆகிறது. நிலம் சுரங்கத்துக்குப் போகவில்லை என்றார். ஆனால் மழைக்காலத்தில் மேலேயிருந்து வரும் சிவப்புச் சேறு வயலில் படிந்து படிந்து, நெல் போடுவதை அப்பா காலத்திலேயே விட்டுவிட்டார்களாம். பதினாறு வயதில் தாதும் கல்லும் உடைக்கும் கிரஷரில் கூலிக்குச் சேர்ந்திருக்கிறார்.

2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி, தாதுவை வெட்டி விற்கும் தனியார் குத்தகைகள் பல 2020 மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்தன. அதற்கு முன்பே உரிமம், வனத்துறை அனுமதி என்று பல சுரங்கங்கள் நின்றிருந்தன. கூடவே கொரோனா ஊரடங்கும் வந்தது. கிரஷர் நின்றது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் ஒரு கான்ட்ராக்டர் மூலம் ரூர்கேலாவில் தன்பாத்–ஆலப்புழா ரயில் ஏறிக் கோவைக்கு வந்து சேர்ந்தார். அந்த ரயிலின் பொதுப்பெட்டியைப் பார்த்தவர்களுக்கு நம் பட்டறைகளின் ஆள் கணக்கு புரியும்.

வேலை நாக்-அவுட்டில். வார்த்து ஆறிய பாக்ஸைத் தட்டிப் பிரித்து, மணலை உதறி, காஸ்டிங்கை வெளியே எடுப்பது. அந்த மணல் சிலிக்கா. இரும்பின் சூட்டில் வெந்து, தட்டும்போது மாவாகப் பறக்கும்.

கான்ட்ராக்டர் அவரை இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்தது 2021 அக்டோபரில்தான். அதற்கு முந்தைய மாதங்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. பின்னால் இது பெரிய விஷயமானது.

## கவனித்தவை

2022 ஆகஸ்ட் வாக்கில் சூப்பர்வைசர் கவனித்தது இருமல் அல்ல. இருமல் அங்கே எல்லோருக்கும் உண்டு. உலை மேடைக்கு ஏறும் ஏழெட்டுப் படியில் பாதியில் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார் என்பதைத்தான். "பீடிங்க சார், பீடி" என்று மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். அவர் பீடி குடிப்பவர் இல்லை.

எடை குறைந்தது. அக்டோபரில் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாயிற்று. அரசுத் திட்டத்தில் ஆறு மாதச் சிகிச்சை, அதோடு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி. இ.எஸ்.ஐ.யில் 91 நாளுக்கு 70 சதவீதக் கூலி. இதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார். 2023 ஏப்ரலில் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. மூச்சுத்திணறல் மட்டும் போகவில்லை.

அந்த மே மாதம் பார்த்த நுரையீரல் மருத்துவர்தான் முதல்முறையாக, "இங்கே வருவதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார். அதுவரை பார்த்தவர்கள் எழுதியிருந்தது "கூலி" என்ற ஒரே சொல். ஸ்கேனில் இரண்டு நுரையீரலின் மேல்பகுதியிலும் சிறு சிறு முடிச்சுகள், நிணநீர்க் கட்டிகளின் ஓரத்தில் சுண்ணாம்புப் படிவு. சிலிகோசிஸ். தூசி படிந்து இறுகிப்போன நுரையீரலில் காசநோய் எளிதாக ஏறிக்கொள்ளும். காசநோயைக் குணப்படுத்தலாம். இறுகியது இறுகியதுதான், அதற்கு மருந்து கிடையாது.

இரண்டு வருஷ நாக்-அவுட் வேலையில் இவ்வளவு வருமா என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. சிலிகோசிஸ் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் தூசி தின்றவர்களுக்கு வருவது. தூசி மிக அதிகமானால் ஐந்து வருஷத்திலும் வரலாம்.

அன்று சாயங்காலம் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அவரோடு பேசினோம். அவர் ஹோவும் இந்தியும் கலந்து சொல்ல, கூட வேலை செய்யும் ஒடியா இளைஞர் பட்டறைத் தமிழில் சொன்னார். வார்த்தை போதாத இடத்தில் எடைச் சீட்டின் பின்பக்கத்தை எடுத்து வரைந்தார்: மேலே லாரி கொட்டும் தொட்டி, நடுவே கல்லைக் கடிக்கும் தாடை, கீழே பெல்ட், பெல்ட்டின் வாயருகே ஒரு புள்ளி. புள்ளிதான் அவர். பெல்ட்டில் சிக்கும் கல்லைக் கையால் தள்ளிவிடுவது வேலை. தண்ணீர் தெளித்தார்களா என்று கேட்டோம். அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் தெளிப்பார்களாம். தாதுவோடு வரும் பட்டைப் பாறை இரும்பும் சிலிக்காவும் மாறிமாறி அடுக்கிய வகை. பதினொரு வருஷம் அந்தப் புள்ளியில் நின்றிருக்கிறார்.

ஆக, கணக்குப் பார்த்தால் தூசியில் பெரும்பங்கு ஜார்க்கண்ட். அதற்காக எங்கள் பட்டறைக்குப் பங்கில்லை என்று சொல்ல வழியில்லை. ஷிப்ட் முடிந்ததும் கம்ப்ரஸர் ஏர் ஹோஸை எடுத்து ஒருவர் சட்டையை ஒருவர் ஊதிக்கொள்வார்கள். தலை, கழுத்து, முதுகு என்று. வெயில் நேரத்தில் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்பதால் அது ஒரு விளையாட்டு. சட்டையில் இருந்த மணல் அத்தனையும் அப்போது மூக்குக்கு நேரே. மாஸ்க் என்று இருந்தது கழுத்துத் துண்டு.

## எடுத்த முடிவுகள்

முதலாளியின் முதல் யோசனை இப்படி வந்தது: "ஏனுங்க சார், பையன் ஊருக்கே போய் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டுமுங்க. ஐம்பதாயிரம் கையில குடுத்துடறேன். இங்க இருந்தா அவனுக்கும் கஷ்டம், நமக்கும் அக்கப்போர்."

கெட்ட மனசில் சொன்னதல்ல. இ.எஸ்.ஐ. பணம் நின்ற மூன்று மாதமும் பாதிக் கூலி கொடுத்தவர் அவர். ஆனால் ஊருக்கு அனுப்புவதை நான் எதிர்த்தேன். காரணம், ஊரில் என்ன இருக்கிறது என்பதுதான். காகிதத்தில் இ.எஸ்.ஐ. நாடு முழுக்கச் செல்லும். அவர் ஊர்க்காரர்களுக்குக் கிட்டத்தில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை ஜாம்ஷெட்பூரை ஒட்டிய ஆதித்யபூரில். அடுத்தது ராஞ்சிப் பக்கம் நாம்கும். மூச்சு முட்டுகிறவர் காட்டுப்பகுதியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் வர வேண்டும். நிதி ஆயோக்கின் 2019–21 பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 சதவீதம், ஜார்க்கண்டில் 28.81. நாட்டின் கனிம இருப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அங்கே இருப்பதாகச் சொல்லப்படும் மாநிலத்தின் நிலை இது. ஐம்பதாயிரம் ரூபாய் அங்கே எத்தனை மாதம் வரும் என்று முதலாளியிடமே கேட்டேன்.

அவர் விடவில்லை. "நம்ம வரிப்பணம்தானுங்க அங்கெல்லாம் போகுது. அதுல ஆஸ்பத்திரி கட்டுனா ஆவாதா?" என்றார். இந்தப் பேச்சை அப்படியே தள்ளிவிட முடியாது. மத்திய வரிகளை மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுத்த பதினைந்தாவது நிதிக்குழுவின் பங்கீட்டில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், ஜார்க்கண்டுக்கு 3.307. 2011 கணக்குப்படி நம் ஜனத்தொகை 7.21 கோடி, அவர்களுடையது 3.30 கோடி. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் அவர்களுக்குத்தான் கூடுதல். டெல்லி நம்மை ஓரவஞ்சனையாக நடத்துகிறது என்ற கொங்கு டீக்கடை ஆற்றாமைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. தாதுவை எந்த மாநிலம் கொடுத்தாலும் ராயல்டி (வெட்டியெடுக்கும் தாதுவுக்குக் குத்தகைக்காரர் கட்டும் தொகை) வீதத்தை முடிவு செய்வது மத்திய அரசு. இரும்புத்தாதுக்கு 15 சதவீதம், நிலக்கரிக்கு 14. 2017க்குப் பிறகு ஜி.எஸ்.டி. பொருள் வாங்கப்படும் மாநிலத்துக்குப் போகிறது, செய்யப்படும் மாநிலத்துக்கு அல்ல. இந்த விஷயத்தில் தமிழ்நாடும் ஜார்க்கண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. மற்றபடி, வந்த பணத்தை ராஞ்சியில் இருந்தவர்கள் எப்படிச் செலவழித்தார்கள் என்பது தனிக்கதை. 2000இல் பீகாரிலிருந்து பிரிந்த பிறகும் சுரங்கப் பகுதிகளுக்கு அது பெரிதாகப் போய்ச் சேரவில்லை. டெல்லியை மட்டும் திட்டினால் அவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

முதல் முடிவு: அவரை இங்கேயே வைத்துக்கொள்வது. ஸ்டோரில் எடைச் சீட்டு எழுதும் வேலை, தூசியில்லாத இடம், அதே அடிப்படைக் கூலி.

இரண்டாவது முடிவு கடினமானது. அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 89ஆம் பிரிவின்படி சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. தெரிவித்தால் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் வருவார்கள். தெரிவிக்காவிட்டால் இ.எஸ்.ஐ.யில் தொழில்சார் நோய் என்று கோரிக்கை வைப்பதே கேள்விக்குறியாகும். முதலாளியின் மகன் படித்தவர்; "அவங்க வர்றதுக்கு முன்னாடி நாமே நாக்-அவுட்டைச் சரி பண்ணிடலாம்ப்பா" என்றார். நோட்டீஸ் அனுப்பினோம். அதிகாரிகள் வந்தார்கள், காலக்கெடு கொடுத்தார்கள், வழக்கு போடவில்லை. முன்கூட்டியே வேலையைத் தொடங்கியிருந்தது காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, பழைய முதலாளியைத் தேடுவது. அப்போது நடப்பில் இருந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், தொழில்சார் நோய்களின் பட்டியலான மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸ் இருந்தது. பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் பொறுப்பை அவர்களுக்குள் பங்கிடவும் அதில் இடமிருந்தது. கோருபவர் வசிக்கும் ஊர் ஆணையரிடமே மனுப் போடவும் முடிந்தது. கோவையில் இருந்துகொண்டு ஜார்க்கண்ட் கிரஷர் மேல் வழக்குப் போடச் சட்டம் தடுக்கவில்லை. தடுத்தது வேறு. கிரஷருக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கூலி ரொக்கம். வருகைப் பதிவு மேஸ்திரியின் நோட்டு. இத்தனைக்கும் நாட்டின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை அலுவலகம் 1908 முதல் ஜார்க்கண்டின் தன்பாத்திலேயே இருக்கிறது.

ஊரில் இருந்த தம்பியை மாவட்டக் கனிம அறக்கட்டளையின் உதவி கிடைக்குமா என்று கேட்டுவரச் சொன்னோம். 2015 திருத்தத்தின்படி சுரங்கக் குத்தகைக்காரர்கள் ராயல்டிக்கு மேல் ஒரு பங்கை அந்த மாவட்டத்துக்கே கட்ட வேண்டும். பழைய குத்தகைகளுக்கு ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்தவற்றுக்கு 10. அதில் குறைந்தது 60 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்கு என்று தொடக்கத்தில் விதி இருந்தது. நல்ல விதி. ஆனால் பணம் திட்டங்களுக்குப் போகிறது. நோயாளி ஒருவர் கையில் வருகிற வழி தம்பிக்குத் தென்படவில்லை. கிரஷரில் வேலை செய்த சான்று கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்களாம்.

## பிறகு நடந்தது

2023 நவம்பரில் காசநோய் திரும்பியது. சிலிகோசிஸ் நுரையீரலில் இது எதிர்பார்க்கக் கூடியதுதான். அந்த நேரத்தில் அவர் பதிவாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. காசநோய்க்கான நீட்டிக்கப்பட்ட நோய்ப் பலனுக்கு இரண்டு வருஷம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். கிடைத்தால் 80 சதவீதக் கூலி, இரண்டு வருஷம் வரை. சில வாரங்கள் முன்னால் நோய் வந்திருந்தால் அதுவும் கைநழுவியிருக்கும். கான்ட்ராக்டர் பதிவு செய்யாமல் விட்ட மாதங்கள்தான் அவரை அந்த விளிம்பில் நிறுத்தியிருந்தன.

தொழில்சார் நோய்க் கோரிக்கை 2024 தொடக்கத்தில் சிறப்பு மருத்துவக் குழுவின் முன் போனது. சிலிகோசிஸ் இருப்பதைக் குழு ஏற்றது. ஆனால் காப்பீடு பெற்ற வேலைக்காலம் குறைவு. இந்த அளவு பாதிப்பு அதனால் வந்தது என்று சொல்ல முடியாது என்று பலனை மறுத்தது. மருத்துவமாகப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. தூசி பெரும்பாலும் அங்கே தின்றது என்று நாங்களே எழுதிக்கொடுத்திருந்தோம். அங்கே காகிதம் இல்லாததால் அந்த மாநிலத்தில் இந்த நோய் நடக்கவே இல்லை. இங்கே காகிதம் இருந்தும், இங்கே தின்ற தூசி இந்த நோய்க்குப் போதாது. இரண்டு ஊருக்கும் நடுவே அவருடைய உடம்பு மட்டும் மிஞ்சியது. ஈ.ஐ. நீதிமன்றத்தில் (இ.எஸ்.ஐ. வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) மேல்முறையீடு போட்டிருக்கிறோம். இதை எழுதும்போது நிலுவையில் இருக்கிறது.

அவர் மனைவியும் மகளும் 2024இல் இங்கே வந்துவிட்டார்கள். மனைவி பக்கத்துப் பனியன் யூனிட்டில் பீஸ் கட்டுகிறார்.

## 2024 தீர்ப்பு பட்டறைக்கு வந்த விதம்

அந்த வருஷம் ஜூலை 25ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி வரி ஆகாது, கனிம உரிமை மேல் வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில், 2005 ஏப்ரலிலிருந்தான பாக்கியை மாநிலங்கள் கேட்கலாம், அதை 2026 ஏப்ரல் முதல் பன்னிரண்டு வருஷத் தவணையாகக் கட்டலாம் என்றும் சொன்னது. ஜார்க்கண்ட் உடனே கனிம நிலத்துக்கு வரிச் சட்டம் கொண்டுவந்தது.

பட்டறையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது ஒரே கோணத்தில்: பிக் அயர்ன் விலை ஏறுமா? முதலாளிகள் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க அதே கவலை. ஏறலாம் என்றேன். ஆனால் இந்த வழக்கின் வேர் நம் ஊரில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். பஞ்சாயத்துகளுக்காகத் தமிழ்நாடு சுண்ணாம்புக்கல் ராயல்டி மேல் போட்ட மேல்வரியை எதிர்த்து ஒரு சிமெண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில்தான், 1989இல் ஏழு நீதிபதிகள் ராயல்டி ஒரு வரி என்று எழுதி, மாநிலங்களின் கையைக் கட்டினார்கள். அந்த வாக்கியம் தட்டச்சுப் பிழை என்று 2004இல் இன்னொரு அமர்வு சொல்லியது; இருந்தும் கட்டு முழுதாக அவிழ இன்னும் இருபது வருஷம் ஆனது. தோற்றது அன்று தமிழ்நாடு. கூடவே ஜார்க்கண்டும் ஒடிசாவும் முப்பத்தைந்து வருஷம் தோற்றுக்கொண்டிருந்தன. மாநில உரிமை என்று மேடையில் பேசுகிற நாம், இந்தத் தீர்ப்பை விலையேற்றச் செய்தியாக மட்டும் படித்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. முதலாளி சிரித்துவிட்டு, "உரிமை சரிங்க சார், ரேட்டை யாரு ஏத்திக் குடுப்பா?" என்றார். பம்பு கம்பெனிகள் காஸ்டிங் விலையை எப்படி நசுக்குகின்றன என்று தெரிந்தவர்களுக்கு அதுவும் பொய்க்கேள்வி அல்ல.

## மாற்றியவை, மாற்ற வேண்டியவை

பட்டறையில் உடனே மாற்றியது ஏர் ஹோஸ். நாக்-அவுட் பக்கம் இருந்த பாயிண்டையே அடைத்துவிட்டார்கள். பத்து நாள் முணுமுணுப்பு. பிறகு உறிஞ்சும் குழாய் ஒன்று வைத்ததும் அடங்கியது. நாக்-அவுட்டுக்கு மூடிய கூண்டும் தூசி உறிஞ்சியும் போட ஆன செலவைப் பார்த்து முதலாளி தூக்கம் கெட்டார். வங்கிக் கடன் வாங்கித்தான் போட்டார். துண்டுக்குப் பதில் சரியான மாஸ்க் வந்தது. வெயில் காலத்தில் அதைப் போட்டுக்கொள்ள வைப்பது இன்னும் தினசரிச் சண்டை.

சேரும்போதே வேலை வரலாறு கேட்கும் படிவம் ஒன்று இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்தோம். முன்பு எங்கே, எந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில், எத்தனை வருஷம், தண்ணீர் தெளித்தார்களா, கூட வேலை செய்த இருவர் யார். எழுதத் தெரியாதவர்கள் படம் வரையலாம். இதைக் கையெழுத்தோடு வாங்கிவைத்தால், பிறகு காகிதம் இல்லை என்ற இடத்தில் இதுவாவது இருக்கும்.

படிவத்தோடு எக்ஸ்ரேயும் எடுக்கிறோம். அதில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. எக்ஸ்ரே கட்டாயம் என்று செய்தி பரவியதும், அந்தப் பகுதியில் வேறு ஒரு பட்டறை சேர வந்தவர்களை எக்ஸ்ரே எடுத்து, நிழல் தெரிந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியது. அதன்பிறகு சுரங்கப் பகுதியிலிருந்து வருகிறவர்கள் கிரஷரில் வேலை செய்ததையே மறைக்கத் தொடங்கினார்கள். "ஊரில் விவசாயம்" என்று எல்லோரும் ஒரே பதில். ஆளை வடிகட்ட எக்ஸ்ரே எடுப்பதைவிட எடுக்காமலே இருக்கலாம். எங்கள் பட்டறையில் சேர்ந்த பிறகே, பதிவான பிறகே எடுக்கிறோம். முடிவு எப்படி இருந்தாலும் வேலை போகாது என்று எழுதிக்கொடுக்கிறோம். நிழல் தெரிந்தால் வேலை இடம் மட்டும் மாறும்.

கான்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் முதல் நாளே இ.எஸ்.ஐ. பதிவு என்பதை இப்போது நான் கணக்குப் பார்க்கும் எல்லா இடத்திலும் நிபந்தனையாக்கியிருக்கிறேன். இரண்டு பட்டறைகள் அதனால் என்னை மாற்றிவிட்டன. பகுதி முழுதுக்கும் பொதுவாக ஒரு எக்ஸ்ரே ஏற்பாடும், யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்ற ஒப்பந்தமும் போடலாம் என்று முதலாளிகள் கூட்டத்தில் வைத்தோம். கையெழுத்துப் போட்டவர்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் ஆர்டர் நிலவரம் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேல்முறையீட்டுக்காக அந்தக் கிரஷரின் பழைய மின் இணைப்பு ரசீதைத் தேடித் தம்பி அங்கே அலைந்துகொண்டிருக்கிறார். கிடைத்தால் அடுத்த வாய்தாவில் சேர்ப்போம்.